பல்லேகலையின் துடிப்பு

கண்டி நகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் வீதியிற் பல்லேகலை என்றோர் இடம் உளது. துடுப்பாட்ட மைதானத்தால் அதனை இன்று பலரும் அறிவர். ஆயின், புவிநடுக்கத்தை ஆராய்வோரிடையே அவ்விடத்திற்கு வேறொரு பெயர் வழங்குகின்றது. 'பி.ஏ.எல்.கே.' என நான்கே எழுத்துக்களாலான அப்பெயர், அங்கு 2000 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அதிர்வுமானி நிலையத்தைக் குறிப்பதாகும். உலகெங்கும் ஏறத்தாழ 150 நிலையங்களைக் கொண்டு பரந்து கிடக்கும் ஒரு வலையமைப்பின் உறுப்பு அது. அந்நிலையத்தின் எண்கள் சென்றடையும் தாய்வீடு கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சன்டியாகோ வளாகத்தில் உள்ளது.

நிலம் அசையாதது என்பது மனிதரின் நம்பிக்கை. அதிர்வுமானிக்கு அந்த நம்பிக்கை இல்லை. தொலைவில் மோதும் கடலலையும், வீதியிற் செல்லும் பாரவூர்தியும், மரத்தின் வேரை அசைக்கும் காற்றுங்கூட நிலத்தை ஓயாது நடுங்கச் செய்கின்றன. இந்நடுக்கத்தை விநாடிக்கு 20 அல்லது 40 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதுவதே கருவியின் தொழில். எழுதிய எண்கள் எழுதிய இடத்திலேயே கிடப்பின் அவற்றாற் பெரும்பயன் இல்லை. அவை கேட்போரிடம் செல்லுதல் வேண்டும். அதுவும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் பொழுதே செல்லுதல் வேண்டும். இது எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை அறிய விரும்பினாள், பேராதனையிற் புவியியலைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவி ஒருத்தி. அவளது விருப்பத்திற்குக் காரணம் பாடத்திட்டம் அன்று.

அவள் கல்முனைக்குத் தெற்கேயுள்ள கரையூர் ஒன்றில் 2003 ஆம் ஆண்டு பிறந்தவள். 2004 டிசெம்பர் 26 காலையில் அவளை இடுப்பிற் சுமந்து ஓடியவர் அம்மம்மா. பின்னால் வந்துகொண்டிருந்த தாய் வந்து சேரவில்லை. அந்நாளைப் பற்றி அவளுக்கு நினைவு என்று எதுவும் இல்லை. நினைவில்லாத இடத்தில் எண்களை வைத்து நிரப்பிக்கொண்டாள் என்று கூறினால் அது பொருந்தும். பூமி பிளந்தது கிறீனிச் நேரப்படி 00 மணி 58 நிமிடம் 53 விநாடியில். இலங்கையின் கடிகாரம் அக்காலத்தில் ஆறு மணித்தியாலம் முந்தி ஓடியமையால், அது காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் இருந்த வேளை. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமுங்கூட. சுமாத்திராவின் கரைக்கு அப்பாலிருந்து புறப்பட்ட முதல் அதிர்வலை, ஏறத்தாழ 1,750 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து பல்லேகலையை அடைவதற்கு நான்கு நிமிடந்தானும் ஆகவில்லை. அதன்பின் வந்த மேற்பரப்பு அலைகள் இலங்கை நிலத்தையே 9 சதமமீற்றர் அளவுக்கு உயர்த்தித் தாழ்த்தின. மெதுவாக எழுந்து மெதுவாகத் தாழ்ந்தமையால் மனிதர் அதனைப் பெரிதாக உணரவில்லை, கருவி உணர்ந்தது. கடல் வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஆயிற்று.

இச்செய்தியை அவள் ஒரு விடுமுறையில் அம்மம்மாவிடம் சொன்னாள். கிழவி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"நாலு நிமிசத்தில எழுதின எண்டா, மிச்ச ரெண்டு மணித்தியாலமும் அது ஆருக்குச் சொல்லிக்கொண்டு இருந்த மகள்?"

பேராசிரியர் எவரும் அவ்வளவு நேராகக் கேட்டிருக்கமாட்டார்.

பேராதனையிற் கலைப்பீடம் மகாவலியின் ஒரு கரையிலும் பொறியியற்பீடம் மறுகரையிலும் அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையே பாலம் உண்டு, போக்குவரத்துத்தான் குறைவு. அவளுடைய ஊரைச் சேர்ந்த பொறியியல் மாணவன் ஒருவன் அப்பாலத்தைக் கடந்து வந்து, பழைய மடிக்கணனி ஒன்றை நூலகத்துக்கு வெளியேயுள்ள வாங்கில் வைத்து, அவளுக்கு ஒரு கோட்டைக் காட்டினான். இடமிருந்து வலமாக அக்கோடு மெல்ல நடுங்கியவாறு நீண்டுகொண்டிருந்தது. "இதுதான் பல்லேகலை. இப்ப நடக்கிறது. ஒரு அரை நிமிசம் பிந்தியிருக்கும், தங்கச்சி" என்றான்.

பேராதனையிலிருந்து பல்லேகலை நேர்கோட்டில் 12 கிலோமீற்றர். ஆயினும் அந்த எண்கள் பசுபிக் சமுத்திரத்தின் மறுகரைக்குச் சென்று, அங்குள்ள களஞ்சியத்தின் வழியே திரும்பிவந்தே வாங்கில் இருந்த கணனியை அடைந்தன. அயல்வீட்டுக்குக் கொடுக்கும் சோற்றை ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்பி எடுப்பதுபோல இது தோன்றும். அவளுக்கும் அப்படியே தோன்றிற்று. ஆனால் வழி நீண்டதென்பது இவ்விடயத்திற் பெருங்குறை அன்று. ஒளி நாரினூடே அரையுலகம் சுற்றுவதற்கு ஒரு விநாடியின் சிறு பகுதியே போதும். காலம் வேறிடங்களிற் கழிகின்றது, அவ்விடங்களே கவனிக்கத்தக்கன.

எண்களைச் சுமந்து செல்வது ரி.சி.பி. என்னும் நெறிமுறை. விண்டன் சேர்ஃப், றொபேட் கான் என்னும் இருவர் 1974 இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்து, 1981 இல் முறையான வரையறை பெற்றது அது. அதன் வாக்குறுதி எளிது: அனுப்பியது யாவும், அனுப்பிய வரிசையிலேயே போய்ச் சேரும். வழியில் ஒரு துண்டு தொலைந்தால், அனுப்பியவன் அதனை மறுபடி அனுப்புவான். பெற்றவன் 'இதுவரை வந்தது' என ஓர் ஏற்புச் சொல்லைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பான். அவ்வேற்பு வராதவரை அனுப்பியவன் தன் படியை எறிந்துவிடமாட்டான். பதிவுத் தபாலுக்குக் கையொப்பம் வாங்கும் தபாற்காரரை ஒத்தது இந்த ஏற்பாடு.

ஒரு குறையும் உண்டு. ரி.சி.பி. ஓர் ஆறு, அதிலே குடங்கள் இல்லை. அனுப்பியவன் பத்துக் குடமாக ஊற்றினாலும் பெற்றவன் காண்பது ஒரே நீரோட்டத்தையே. எங்கே ஒரு செய்தி முடிந்து மற்றது தொடங்குகின்றது என்பதை அந்நெறிமுறை கூறாது. ஆகவே ஆற்றின் இரு கரையிலும் இருப்போர் குடத்தின் அளவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளல் வேண்டும். ஜேர்மனியின் பொற்ஸ்டாம் நகரிலுள்ள புவியியல் ஆய்வு மையத்தில் உருவான 'சீட்லிங்க்' என்னும் முறை அத்தகையதோர் உடன்படிக்கை. அதிர்வு எண்களை உலகெங்கும் உள்ள கேட்போருக்கு ஓடவிடுவதற்கு இன்று பெரிதும் வழங்குவது அதுவே. அதன் குடம் 520 பைற்று. முதல் 8 பைற்றில் இரண்டு அடையாள எழுத்தும் ஆறு இலக்க வரிசையெண்ணும் இருக்கும். எஞ்சிய 512 பைற்றில் நிலத்தின் அசைவு சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும். கேட்க விரும்பும் கணனி முதலில் 'ஹலோ' என்று சொல்லும். மறுபக்கத்துக் கணனி தன் பெயரையும் ஊரையும் இரண்டு வரியிற் கூறும். பின்னர் எந்த நிலையம், எந்தத் திசையின் அசைவு எனக் கேட்டவன் சொல்வான். அதன்பின் பேச்சு நின்று குடங்கள் வரத் தொடங்கும். கணனிகளுக்கிடையே இவ்வளவு மரியாதை வேண்டுமா என்று அவள் கேட்டபோது, அவை மனிதர் எழுதியவைதாமே என்றான் மாணவன்.

அந்த ஆறிலக்க வரிசையெண்ணிலேதான் முறையின் உயிர் இருக்கின்றது. விடுதியின் கம்பியில்லா இணைப்பு மாலைவேளைகளில் அறுந்துபோவது வழக்கம். அறுந்த கம்பியின் இரு முனைகளிலும் ரி.சி.பி.யின் வாக்குறுதி முடிந்துபோகின்றது. இணைப்புள்ளவரையே அது பொறுப்பு. மீண்டும் இணையும்போது மடிக்கணனி, தான் கடைசியாகப் பெற்ற குடத்தின் எண்ணைச் சொல்லி, 'அதற்கு அடுத்ததிலிருந்து தருக' எனக் கேட்கும். அவ்வேளை, நின்றுபோயிருந்த கோடு திடீரென விரைந்து ஓடி, தவறவிட்ட பத்து நிமிடத்தையும் சில கணங்களில் வரைந்து முடித்து, நிகழ்காலத்தை எட்டியதும் மறுபடி மெல்ல நடக்கும். அதனைக் காண்பதற்காகவே அவள் இரண்டொரு தடவை இணைப்பைத் துண்டிக்கச் சொன்னதுண்டு.

காலம் கழியும் இடங்களைப் பற்றி மேலே கூறப்பட்டது. அவற்றுள் முதலாவது, குடம் நிறையும் இடம். தனியார் பேருந்தொன்று ஆசனங்கள் நிரம்பும்வரை தரிப்பிடத்தை விட்டுப் புறப்படாதிருப்பதை அறியாதார் இந்நாட்டில் இல்லை. 512 பைற்றுப் பெட்டியும் அத்தன்மையதே. அதிலே ஏறத்தாழ 400 அளவுகள் அடங்கும் என்று கொண்டால், விநாடிக்கு 40 அளவுகள் எழுதும் தடம் பத்து விநாடியில் நிறையும். விநாடிக்கு ஒன்றே எழுதும் நெடுங்காலத் தடம் நிறைவதற்கு ஆறு ஏழு நிமிடம் ஆகும். அத்தனை நேரமும் முதலில் ஏறிய பயணி வெயிலில் உட்கார்ந்திருக்கவேண்டியதுதான். எனினும் இங்கே ஓர் அழகு உண்டு. எண்களைச் சுருக்கும் முறையானது, ஓர் எண்ணுக்கும் அதற்கு முந்திய எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே எழுதுகின்றது. நிலம் அமைதியாக இருக்கையில் வேறுபாடு சிறிது. பெட்டியிற் பல எண்கள் அடங்கும். நிலம் பெரிதாக ஆடுகையில் வேறுபாடு பெரிது. சில எண்களே பெட்டியை நிறைத்துவிடும். ஆகவே பேரதிர்வு நிகழும்போது பேருந்துகள் தாமாகவே விரைந்து புறப்படுகின்றன. இதனை எவரும் எச்சரிக்கைக்காகத் திட்டமிட்டு அமைக்கவில்லை. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு இவ்வாறு உதவிற்று.

இரண்டாவது இடம் களஞ்சியம். நிலம் எவருக்காகவும் காத்திராது. கேட்பவனோ மெதுவானவனாக இருக்கலாம். அவனது கணனி பழையதாகவோ இணைப்பு மெலிந்ததாகவோ இருப்பின், வரும் எண்களை விழுங்க இயலாமல் அவன் பின்தங்குவான். ரி.சி.பி. அத்தகையவனிடம் இரக்கமுடையது, 'என் கை நிறைந்துவிட்டது, சற்றுப் பொறு' என அவன் சைகை காட்டினால் அனுப்புபவன் நிறுத்திவிடுவான். கடிதத்திற்கு இது நன்று. ஆனால் சங்கக் கடை வரிசையில் முன்னே நிற்கும் ஒருவர் சில்லறையை எண்ணிக்கொண்டே நின்றால் பின்னே நிற்கும் நாற்பது பேரும் காத்திருப்பது போல, மெதுவான ஒருவனுக்காக ஏனைய கேட்போர் யாவரும் காத்திருக்கலாமா? ஊற்றையே நிறுத்தவும் இயலாதே. இதனால் வழங்கும் கணனி ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணைப்பு வைத்து, யார் எதுவரை பெற்றார் எனத் தனித்தனியே குறித்துக்கொள்கின்றது. எண்களை ஒரு வட்டமான களஞ்சியத்தில் இடுகின்றது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் முன்னர் இருந்த சூத்திரக் கிணற்றின் வாளிச் சங்கிலியை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். சங்கிலி சுற்றிக்கொண்டே இருக்கும். வாளியை ஒருவன் வெறுமையாக்கினானோ இல்லையோ, சுற்று முடிந்ததும் அது மறுபடி நிரம்பும். ஒரு சுற்றுக்குள் வந்து சேர்ந்தவன் தவறவிட்ட நீரைப் பெறுவான். அதற்கு மேலும் பிந்தியவன் இழப்பான். அவனுக்காகக் கிணறு நிற்பதில்லை.

எதை விடுவது, எதைக் காப்பது என்பது பொறிமுறை தீர்மானிக்கும் விடயம்போலத் தோன்றினும் அது மனிதர் செய்த தீர்மானமே. வானொலி அலைகளைக் கணனிக்குள் இழுக்கும் மலிவான சிறு கருவிகளுக்கென எழுதப்பட்ட 'ஆர்.ரி.எல். ரி.சி.பி.' என்னும் மென்பொருளை இதனோடு ஒப்பிடலாம். விநாடிக்கு 20 இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு இரண்டு பைற்று. ஆக விநாடிக்கு 40 இலட்சம் பைற்றுக்கு மேலாக அது ரி.சி.பி. இணைப்பினூடே கொட்டும். கேட்பவன் பின்தங்கி, வரிசை அளவுமீறி நீண்டால், அது வரிசையிலுள்ள பழையவற்றை எடுத்து எறிந்துவிடும். வானொலி கேட்பவனுக்குப் பழைய பாட்டின் அரை விநாடி போனாற் போகட்டும். இப்பொழுது பாடுவது காதில் விழவேண்டும். அத்தீர்மானம் அவ்விடத்திற்குத் தகும். அதிர்வுமானியின் எண்களிலோ, தவறிய அரை விநாடியில்தான் முதலலை வந்திருக்கக்கூடும். ஆகவே இங்கே பிந்தினாலும் குறைவின்றி வருதல் வேண்டும் என்று முடிவு செய்தனர். இவ்விரண்டும் ஒரே ரி.சி.பி.யின் மீதே ஓடுகின்றன.

ஓரிரவு நிகழ்ந்த சிறு சம்பவம் ஒன்று அவளுடைய எண்ணத்தை வேறு திசைக்குத் திருப்பிற்று. மாணவனது மடிக்கணனியிற் கோடு வரையும் மென்பொருள் நள்ளிரவில் எக்காரணத்தாலோ உறைந்துபோயிற்று. காலையிற் பார்த்தபோது திரையில் முந்திய இரவின் கோடு அப்படியே நின்றது. ஆனால் இணைப்பு அறவில்லை. மென்பொருள் உறைந்த பின்னரும் கணனியின் உள்ளமைப்பு சிறிது நேரம் குடங்களை வாங்கி, தன் திண்ணையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் 'வந்தது, வந்தது' என ஏற்புச் சொல் அனுப்பியிருந்தது. திண்ணை நிறைந்த பின்னரே 'பொறு' என்றது. அந்நேரம்வரை அனுப்பிய கணனியின் குறிப்பேட்டில் யாவும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தனவாகவே பதிந்திருக்கும்.

"அப்ப அண்ணா, வந்தது எண்டு சொல்றது ஆர்?" என்று அவள் கேட்டாள்.

"மிசின். மிசினில ஓடுற புரோகிறாம் வாசிச்சதா இல்லையா எண்டு ரி.சி.பி.க்குத் தெரியாது. அதைப் பார்த்த மனிசருக்கு விளங்கினதா எண்டு புரோகிறாமுக்குத் தெரியாது."

அம்மம்மாவின் கேள்விக்கு விடை இதுவென அவளுக்கு அப்போது தோன்றியிருத்தல் வேண்டும். பதிவுத் தபாலின் கையொப்பம் வாசலில் நிற்பவருடையது. கடிதம் உரியவர் கையில் எட்டியதா, எட்டினாலும் பிரித்துப் படிக்கப்பட்டதா என்பதை அக்கையொப்பம் கூறாது. 2004 இல் பல்லேகலைக் கருவி தன் கடமையைச் செய்தது. ஹவாயிலுள்ள பசுபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் அதிர்வு நிகழ்ந்து 15 நிமிடத்தில், கிறீனிச் நேரப்படி 01.14 மணிக்குத் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. அதிலே பருமன் 8.0 எனக் கணிக்கப்பட்டிருந்தது. உண்மையான பருமன் 9.1 என்பது பின்னரே தெளிவாயிற்று. அந்த அறிக்கை பசுபிக் கரை நாடுகளுக்கென எழுதப்பட்டது. இந்து சமுத்திரத்திற்கென ஓர் எச்சரிக்கை முறைமை அன்று இருக்கவேயில்லை. எண்கள் இருந்தன, அறிக்கையும் இருந்தது. கடற்கரையிற் சொல்வதற்கு ஒருவர் இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். கருவி யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்ற வினாவுக்கு, கேட்போரில்லாத காற்றுக்கு என்பதைவிட வேறு விடை இல்லை. அவள் இதனை அம்மம்மாவிடம் அந்தச் சொற்களிற் சொல்லவில்லை.

அதன்பின் பல மாறின. 2005 இல் இந்நாட்டில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறி, அதற்கெனத் தனி நிலையமும் உருவாயிற்று. இந்து சமுத்திரத்திற்கான எச்சரிக்கை முறைமை படிப்படியாக எழுந்து, 2011 முதல் அவுஸ்திரேலியாவும் இந்தியாவும் இந்தோனேசியாவும் அப்பணியைப் பொறுப்பேற்றன. பொற்ஸ்டாம் மையத்தின் வலையமைப்பைச் சேர்ந்த நிலையங்கள் மகாகனதராவவிலும் ஹக்மனவிலும் அமைந்தன. இவற்றின் எண்கள் மூடிவைக்கப்பட்ட இரகசியங்கள் அல்ல. பேராதனையில் ஒரு வாங்கிலிருந்துங்கூடக் கேட்கலாம்.

கேட்பது இன்று பெரும்பாலும் இயந்திரமே. பொற்ஸ்டாமில் உருவான 'சைஸ்கொம்ப்' என்னும் மென்பொருள், வரும் எண்களை முதலில் ஒரு வடிகட்டியினூடே செலுத்துகின்றது. வழக்கமான அமைப்பில், விநாடிக்கு 0.7 முதல் 2 தடவை வரை துடிக்கும் அசைவுகளை மட்டுமே அது உள்ளே விடும். பின்னர் இரண்டு சராசரிகளைக் கணிக்கும். ஒன்று, கடந்த 2 விநாடியின் சராசரி. மற்றையது, கடந்த 80 விநாடியின் சராசரி. முன்னது பின்னதைப்போல மூன்று மடங்காகும்போது 'ஏதோ வந்தது' எனக் குறித்துக்கொள்ளும். அதாவது, இயந்திரம் சத்தத்தின் பருமனைக் கேட்பதில்லை. வழக்கத்திலிருந்து விலகலைக் கேட்கின்றது. ஓயாது அழும் குழந்தை உள்ள வீட்டில் தாய் எழாதிருப்பதும், குழந்தை அழாத வீட்டிற் சிறு சிணுங்கலுக்கே தாய் எழுந்திருப்பதும் இந்தக் கணக்கின்படிதான். ஒரு நிலையத்தின் குறிப்பு எதனையும் நிறுவாது, பாரவூர்தியாகவும் இருக்கலாம். பல நிலையங்களின் குறிப்புகள் ஒரே இடத்தையும் ஒரே நேரத்தையும் சுட்டும்போதுதான் அது புவிநடுக்கம் ஆகின்றது. பல நிலையங்கள் வேண்டுமெனில் பல இணைப்புகள் வேண்டும். அவற்றில் எதுவும் பிந்தக்கூடாது. எளிய 520 பைற்றுக் குடத்தின்மீது எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டிருக்கின்றது என்பது இங்கே புலனாகும்.

2012 ஏப்பிரல் 11 பிற்பகல், சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 பருமனுள்ள நடுக்கம் நிகழ்ந்தபோது இந்த ஏற்பாடு சோதனைக்குள்ளாயிற்று. இலங்கைக் கரைகளில் எச்சரிக்கை ஒலித்தது. சனங்கள் உட்புறம் நோக்கி ஓடினர். பாறைகள் மேலும் கீழுமாக அன்றிப் பக்கவாட்டில் நழுவியமையாற் கடல் பெரிதாக எழவில்லை. அவளுக்கு அப்போது வயது ஒன்பது. பள்ளிவாசலின் ஒலிபெருக்கியையும் கோவில் மணியையும் ஒருசேரக் கேட்டது அவளுக்கு நன்றாக நினைவிருக்கின்றது. அம்மம்மா அரிசிப் பானையை அடுப்பில் விட்டுவிட்டு அவள் கையைப் பற்றிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது சோறு கரிந்திருந்தது. அதற்காக அவள் ஒரு நாளும் வருந்தியதில்லை. வீண் ஓட்டம் என்று அயலவர் சிலர் முணுமுணுத்தபோது அவர்களோடு சண்டைக்குப் போனாள்.

மாணவி தன் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் பல்லேகலையும் அன்று, பொற்ஸ்டாமும் அன்று. 1,750 கிலோமீற்றரை நான்கு நிமிடத்திற்குள் கடந்து, அரையுலகம் சுற்றி, வடிகட்டிகளையும் சராசரிகளையும் தாண்டி வரும் செய்தி, கரையில் நிற்கும் எச்சரிக்கைக் கோபுரத்திலிருந்து ஒரு வீட்டின் அடுக்களைவரை செல்லும் கடைசி 400 மீற்றர் அவளது பொருளாயிற்று. அந்த 400 மீற்றரில் ரி.சி.பி. இல்லை. எவரும் 'வந்தது' எனத் திருப்பிச் சொல்வதில்லை. கோபுரத்தை அமைத்தோரின் வரைபடத்தில், ஒலி சென்றடையும் எல்லை ஒரு வட்டமாக வரையப்பட்டிருக்கின்றது. அவ்வட்டத்துள் அடங்கும் வீடுகள் யாவும் கேட்டனவாகக் கொள்ளப்படும். வட்டம் வரைவதற்குக் கவராயம் போதும். கேட்டதா என்று அறிவதற்கு வீடுவீடாகப் போகவேண்டும். அவள் போனாள்.

மீன்வாடிகளில் இயந்திரப் படகுகளின் இரைச்சல் உள்ள வேளையில் எது கேட்கும், மதில் எழுப்பிய கல்வீட்டுக்குள் எது கேட்கும், காது மந்தமான முதியவர் தனித்திருக்கும் வீடு எது, இரவில் எந்த வீட்டார் வாவிப் பக்கம் இறால் பிடிக்கப் போவர் என்பனவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினாள். சிலர் அவளை நிவாரணம் கொடுப்பவள் என்று எண்ணிப் பெயரைப் பதியச் சொன்னார்கள். ஒத்திகை நடந்த நாளில் வீட்டில் இருந்தீர்களா என்று அவள் கேட்டதற்கு, எந்த ஒத்திகை என்று திருப்பிக் கேட்டோரும் உளர். அவர்களது வீடுகளும் வட்டத்துக்கு உள்ளேதான் இருந்தன. வரைபடத்தின் ஓரத்தில் அவ்வீடுகளை அவள் சிறு புள்ளிகளாக இட்டாள். புள்ளிகள் கோபுரத்திற்கு மேற்கே செறிந்திருந்தன. காரணம் அவளுக்கு உடனே விளங்கவில்லை. தெற்கேயும் வடக்கேயும் அதே தூரத்தில் உள்ளோர் கேட்டதாகச் சொன்னார்களே!

மாலையில் அம்மம்மா வேலியோரம் இருந்து அந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாதவளாயினும் கோபுரம் எது, கோவில் எது, தன் வீடு எது என்று கண்டுகொண்டாள். புள்ளிகளை விரலால் தடவியபடி எப்போது ஒத்திகை வைத்தார்கள் என்று கேட்டாள். ஆடி மாதம் என்றாள் மாணவி.

"ஆடியில கச்சானெல்லுவா மகள். அது மேக்கயிருந்து கடலுக்கு அடிக்கிற காத்து. சத்தத்த அள்ளிக்கொண்டு கடலுக்குப் போயிரும். வாடைக்கு வந்து வெச்சுப் பாக்கச் சொல்லு, எல்லாருக்கும் கேக்கும்."

அவள் கொப்பியைத் திறந்து, ஏற்கெனவே கோடிட்டு வைத்திருந்த அட்டவணையின் வலது ஓரத்தில், இடம் போதாமையால் நெருக்கி, 'காற்று' என்று புதிதாக ஒரு தலைப்பை எழுதினாள்.